கஞ்சா: பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வோம்



2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழகப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி ஏற்றனர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் படிக்கும் நம் பிள்ளைகள் இன்று பள்ளியிலும் ஜும்ஆ பயானிலும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். இம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால் அங்கு சொல்லப்படுபவை அனைத்தும் உண்மையா என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றிலிருந்து வீடு திரும்பிய அடையாறு மாணவன் ஒருவன், “அத்தா, ஒரு தடவை இழுத்தாலே பைத்தியம் பிடிச்சிடும்னு சொன்னாங்க. டியூஷன்ல ஒருத்தன் ஒரு வருஷமா இழுக்கிறான், அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டான். “ஹராமான பேச்சை வீட்டில் பேசாதே” என்று தந்தை அதட்டினார். பெரியவர்கள் சொல்வது பொய் என்ற முடிவுக்கு அவன் வந்துவிட்டான். இனி அவர்கள் சொல்லும் மெய்யையும் அவன் நம்பப் போவதில்லை.

மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த முறை இதுவன்று. மதுவையும் சூதாட்டத்தையும் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். அவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அல்லாஹ் மறைக்கவில்லை. பயனைவிடப் பாவம் பெரிது என்று எடைபோட்டுக் காட்டினான். பின்னர் அல்மாயிதா 90ஆம் வசனத்தில் முற்றாக விலக்கினான்.

ஹஷீஷை ஹராம் என்று தீர்ப்பளித்த இமாம் இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள், போதை தரும் யாவும் விலக்கப்பட்டவை என்ற நபிமொழியையே அடிப்படையாகக் கொண்டார்கள். அது அறிவை மயக்குவதே தடைக்குப் போதுமானது. மிகைப்படுத்திப் பயமுறுத்த வேண்டிய தேவை நமக்கில்லை.

மருத்துவம் கூறும் உண்மையே போதிய எச்சரிக்கை. மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. கஞ்சா நினைவாற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது. பயன்படுத்துவோரில் சுமார் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்குவோரில் சுமார் ஆறில் ஒருவர். இளமையிலேயே தொடங்கி நாள்தோறும் இழுப்போருக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இணையத்தில் இதற்கு எதிரான பொய்களும் உலவுகின்றன. “மூலிகைதானே, கனடாவிலேயே அனுமதித்துவிட்டார்கள்” என்பார்கள். கனடா 2018இல் அனுமதித்தது மெய். ஆனால் 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது அங்கும் குற்றமே. “எல்லோரும் இழுக்கிறார்கள்” என்பதும் தவறு. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, முந்தைய ஓராண்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை.

நம்மிடம் ஒரு சார்பும் இருக்கிறது. கஞ்சா என்றதும் குப்பத்துப் பையன்களைச் சுட்டிக்காட்டுகிறோம். நல்ல பள்ளியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வராது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையாலேயே நம் வீட்டில் நடப்பதைக் கடைசியாக அறிபவர்களாகிறோம்.

அறிந்த பிறகும் மஹல்லாவில் மானம் போகும் என்று மறைக்கிறோம். பழக்கத்திற்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை மேற்கொண்டால், உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ தொடரப்படும் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு இதனைக் கூறுகிறது. அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை போதை மீட்புச் சிகிச்சை அளிக்கிறது. 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை.

விபசாரத்திற்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரைத் தோழர்கள் கண்டித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அருகில் அழைத்து அமர்த்தி, கேள்விகள் கேட்டுச் சிந்திக்க வைத்தார்கள். அவருக்காகத் துஆவும் செய்தார்கள். கேள்வியோடு வரும் பிள்ளையை நாமும் அருகில் அமர்த்துவோம். தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததை மருத்துவரிடம் கேட்டுச் சொல்வோம்.

வல்ல இறைவன் நம் சந்ததிகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.