கூட்டல் குறி எல்லாம் நல்லதல்ல



சென்ற இதழில் சம்பளச் சீட்டைப் பார்த்தோம். இம்முறை, ஜேர்மனியில் பிள்ளைத்தாய்ச்சிமாருக்கு டொக்டர் கொடுக்கும் சிறு புத்தகம், முட்டர்பாஸ்.

எங்கள் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது 36ஆம் கிழமைப் பரிசோதனை. டொக்டர் ஏதோ சொல்லி ஒரு கடதாசியும் தந்தார். நாங்கள் இருவரும் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு, கடதாசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் சலம் பரிசோதித்த கட்டத்தில் இரண்டு கூட்டல் குறி. பள்ளிக்கூடக் கொப்பியில் ரீச்சர் போடுவது போல நல்லதாக்கும் என்று சந்தோசப்பட்டோம்.

இரவு கடும் தலையிடி, கண்ணுக்குள் மின்னல். பக்கத்து வீட்டு அக்கா புத்தகத்தையும் கடதாசியையும் பார்த்துவிட்டு உடனே 112க்கு ரெலிபோன் எடுத்தார். அன்றிரவே சத்திரசிகிச்சை. தாயும் பிள்ளையும் தப்பியது அவராலேதான். கடதாசியில் இருந்தது, "இன்றே வைத்தியசாலைக்குப் போகவும்" என்பது!

அதன் பிறகுதான் புத்தகத்தைப் படிக்கப் பழகினோம். 7ஆம், 8ஆம் பக்கங்களில் பெரிய அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு பரிசோதனை. 32ஆம் கிழமை வரை நாலு கிழமைக்கு ஒருமுறை, பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை. எழுத்துக்களை டொச் உச்சரிப்பிலேயே தருகிறோம்.

எஸ்.எஸ்.வே: எத்தனையாம் கிழமை. 36+2 என்றால் 36 கிழமையும் 2 நாளும்.

எர்.பே -2: கருப்பையின் மேல்முனை விலா எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே.

எஸ்.எல்: பிள்ளையின் தலை கீழே. பே.ஈ.எல் என்றால் இருப்புப் பக்கம் கீழே. கூ.எல் என்றால் குறுக்கே. கடைசிக் கிழமைகளில் இந்த இரண்டும் இருந்தால், பிரசவம் எப்படி என்று டொக்டருடன் பேசவேண்டும்.

எர்.எர்: பிறஷர். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் கவனம்.

ஹா.பே: இரத்தத்தின் பலம். 11.2க்குக் குறைந்தால் இரத்தம் குறைவு.

இனிக் கூட்டல் குறி. அதற்கு "இருக்கிறது" என்பதே கருத்து, "நல்லது" என்பதல்ல. பிள்ளையின் இதயத்துடிப்பு, அசைவு ஆகிய கட்டங்களில் இருந்தால் நல்லது. வீக்கத்துக்குரிய எடேம, சலத்தில் புரதத்துக்குரிய ஐவைஸ் ஆகியவற்றில் இருந்தால் ஏன் என்று கேட்கவேண்டும். பிறஷரும் கூடி, ஐவைசும் கூடினால் தாய்க்கு வலிப்பு வரக்கூடும். கடும் தலையிடி, கண் மின்னல், மேல்வயிற்று நோ வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். "முஸ் இஷ் ஹொய்ட்ட இன்ஸ் கிராங்கன்ஹவுஸ்?" என்று கேளுங்கள். இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டுமா என்பது அதன் கருத்து. மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். கடைக்குப் போனாலும் புத்தகம் கைப்பையில் இருக்கட்டும்.

எங்கள் மூத்தவள் இப்போது எங்களுக்கே டொச் படிப்பிக்கிறாள். அடுத்த இதழில் சந்திப்போம்.