மருந்தின் விலையை எடைபோட்ட நீதிபதி

தேனாம்பேட்டையில், அண்ணா சாலையின் குணா வளாகத்தில் இயங்கிவந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013 மார்ச் 4-ம் தேதி ஒரு தீர்ப்பு வழங்கியது. சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் தரப்படும் ‘நெக்ஸவார்’ மாத்திரைக்கு, காப்புரிமை வைத்திருந்த பேயர் நிறுவனம் மாதத்துக்கு ரூ.2.80 லட்சம் வாங்கிக்கொண்டிருந்தது. ஹைதராபாதைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் அதையே சுமார் ரூ.8,800-க்குத் தருவதாகச் சொல்லி, காப்புரிமையாளரின் சம்மதமின்றியே தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை முந்தைய ஆண்டு பெற்றிருந்தது. அந்த உரிமம் செல்லும் என்றது வாரியம். கூடவே, பேயருக்குச் சேர வேண்டிய ராயல்டியை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தியது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன்.

வாரியம் இருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து அங்கு வந்து, வராந்தாவில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு மாதம் ரூ.2.80 லட்சம் என்றால் மருந்தே இல்லை என்றுதான் பொருள். காப்புரிமை வழக்கு என்றால் இரண்டு பெரிய நிறுவனங்களின் சண்டை, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் அந்த வராந்தாவை ஒரு முறை பார்த்தால் போதும்.

பிரபா ஸ்ரீதேவன் பொறியாளரோ வேதியியலாளரோ அல்லர். 2000 முதல் 2010 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக எல்லா வகை வழக்குகளையும் விசாரித்தவர். சாலை விபத்தில் இறந்துபோன இல்லத்தரசிக்கான இழப்பீட்டைக் கணக்கிடும் வழக்கு 2009-ல் அவரிடம் வந்தது. சமைப்பது, குழந்தை வளர்ப்பது, முதியோரைப் பார்த்துக்கொள்வது ஆகிய ஊதியமில்லா உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று அதில் விரிவாக எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2007 ஆகஸ்டில், நீதிபதி ஆர்.பாலசுப்பிரமணியனும் அவரும் அமர்ந்திருந்த அமர்வு, நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மனுக்களைத் தள்ளுபடி செய்திருந்தது. பழைய மருந்தின் வடிவத்தைச் சற்று மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானதல்ல என்றது அந்தத் தீர்ப்பு. ரத்தப் புற்றுநோய் மருந்தான ‘கிளிவெக்’ தொடர்பான வழக்கு அது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் அந்த மருந்துக்குக் காப்புரிமை மறுத்தது.

ஆக, 2011-ல் வாரியத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தபோது அவருக்கு இரண்டு தகுதிகள் இருந்தன. சட்டத்தின் சிக்கலான பிரிவு ஒன்றை ஏற்கெனவே அலசியிருந்தார். காகிதத்துக்கு அப்பால் மனித வாழ்க்கை இருப்பதையும் அறிந்திருந்தார். ஹெபடைடிஸ்-சி நோய்க்கான ரோஷ் நிறுவன மருந்தின் காப்புரிமையை 2012-ல் வாரியம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு, மார்பகப் புற்றுநோய் மருந்தான லபாட்டினிப் விஷயத்தில் அடிப்படைக் காப்புரிமையை நிலைநிறுத்தி, அதன் உப்பு வடிவத்துக்கான காப்புரிமையை மட்டும் ரத்து செய்தது. பன்னாட்டு நிறுவனம் என்றாலே எதிர்ப்பு என்ற குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு தீர்ப்பே பதில். ஆனால், 65 வயது உச்சவரம்பால் அந்தப் பதவி அவருக்கு இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும்தான் கிடைத்தது.

பிறகு வாரியமே நலிந்தது. 2016 மே மாதத்துக்குப் பின் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தலைவரே இல்லை. காப்புரிமைக்கான தொழில்நுட்ப உறுப்பினர் இடமும் நெடுங்காலம் காலி. 2021 ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு வாரியத்தைக் கலைத்தது. ஆள் நியமிக்காமல் பட்டினி போட்டுவிட்டு, இளைத்துப்போய்விட்டது என்று சொல்லி மூடியது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை.

வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்கான விதிகளை 2023 ஏப்ரலில் அறிவிக்கை செய்தது. அதே ஆண்டு நோவோசைம்ஸ் வழக்கில், 3(டி) பிரிவு உயிர்வேதிப் பொருட்களுக்கும் பொருந்துமா என்ற கடினமான கேள்வியை நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி எடுத்து ஆராய்ந்தார். இப்படிப்பட்ட கேள்விகளை அலசும் பயிற்சி ஓரிரு மாதங்களில் வந்துவிடாது. ஆனால், எந்த நீதிபதி எந்த வகை வழக்கை விசாரிப்பார் என்ற ரோஸ்டர் நம் நீதிமன்றங்களில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நீதிபதி மூலக்கூறு வரைபடங்களைப் படிக்கப் பழகுவதற்குள் அவருக்குக் குற்றவியல் மேல்முறையீடுகளோ வரி வழக்குகளோ வந்துவிடுகின்றன. இரட்டை ஸ்பார்க் பிளக் இன்ஜின் தொடர்பாக பஜாஜும் டிவிஎஸ்ஸும் மோதிய வழக்கில், சென்னையில் 2008-ல் விதித்த இடைக்காலத் தடை 2009-ல் விலக்கப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. இதுபோன்ற வழக்குகளை அன்றாடம் விசாரித்து நான்கு மாதங்களுக்குள் முடியுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். சில மாதங்களிலேயே வேறு பிரிவுக்கு மாறும் நீதிபதி அதை எப்படிச் செய்வார்?

அதற்காக ஒரே ஒருவரை நிரந்தரமாக அமர்த்துவதும் சரியல்ல. அமெரிக்காவில் டெக்சாஸின் வேகோ நகரில் 2018-ல் பொறுப்பேற்ற ஃபெடரல் நீதிபதி ஆலன் ஆல்பிரைட், காப்புரிமை வழக்குகளை வெளிப்படையாக வரவேற்றார். அந்நாட்டின் காப்புரிமை வழக்குகளில் ஏறத்தாழ கால்வாசி அவரிடம் குவிந்தது. வழக்குத் தொடுப்பவர் தனக்குப் பிடித்த நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார் என்ற புகார் எழ, 2022-ல் அங்கு வரும் வழக்குகளைப் பன்னிரண்டு நீதிபதிகளுக்குக் குலுக்கல் முறையில் பிரிக்க உத்தரவிட்டார்கள்.

நமக்கு வேண்டியது இடைப்பட்ட வழி. காப்புரிமையை மட்டுமே அறிந்த நீதிபதி வேண்டாம். பொது வழக்குகளில் பழுத்தவர் வேண்டும். அவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது இந்தப் பிரிவில் இடம் கொடுக்க வேண்டும். ஒருவரிடமே குவியாதபடி இரண்டு மூன்று பேரிடம் வழக்குகளைப் பகிர வேண்டும். விஞ்ஞான ஆலோசகரை நீதிமன்றம் நியமித்துக்கொள்ள காப்புரிமைச் சட்டத்தின் 115-வது பிரிவு ஏற்கெனவே இடம் தருகிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நீதிபதி ஒருவருக்கு இதற்கென நேரம் ஒதுக்குவது நமக்குப் புதிதும் அல்ல. 1957-ல் காப்புரிமைச் சட்டத்தை ஆராயும் பொறுப்பு, அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என்.ராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் உழைத்து 1959 செப்டம்பரில் அவர் அளித்த அறிக்கைதான் 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். மலிவு விலை மருந்துத் தொழில் இந்தியாவில் வளர அந்தச் சட்டமே வழிவிட்டது. அன்று ஒரு நீதிபதிக்கு இரண்டு ஆண்டுகள் ஒதுக்க முடிந்தது. இன்று மூன்று ஆண்டுகள் ஒதுக்கப் புதுச் சட்டமோ நாடாளுமன்றமோ தேவையில்லை; தலைமை நீதிபதியின் பணி ஒதுக்கீட்டு உத்தரவு ஒன்று போதும்.