கண்டது பகிர்தல்

கண்ட நன்னூலைத் தன்னளவில் மறைப்போனும் உலோபியே. ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் விடுமுறை கழிக்குங்கால் கல்லூரி நூலகம் நமக்கு எட்டாது. ஆயினும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் தட்டெழுதி இணையத்திலிட்ட பழந்தமிழ் நூல்களைக் கைப்பேசியிலேயே கற்கின்றோம். அஃது ஈகை.

நாம் செய்வதோ வேறு. சென்ற ஆண்டு நாம் பகிர்ந்த செய்யுளொன்றிற்குப் புலவர் பெயரைப் பிழைபட எழுதினோம். திருத்துமுன் அது பலர்கைப் பரவிற்று. 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கினாரன்றோ? நமக்கோ ஒரு நாழிகை ஆராயவும் பொறுமையில்லை.

நண்பர்காள்! நல்லது கண்டாற் பகிர்மின். பகிருமுன் முழுதும் படிமின். ஆசிரியர் பெயரையும் எடுத்த இடத்தையுங் கூறுமின். பிறர் பெயரை மறைத்து ஈவது ஈகையன்று, களவேயாம்.