அந்த இழுப்பு யாருடையது?

புலனக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். காலை வணக்கப் பூக்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது 'இதையும் கண்டுபிடித்தவன் தமிழனே' வகைச் செய்திகள்தாம். போன வாரம் எங்கள் பழைய பாடல் குழுவில் அப்படி ஒன்று வந்தது. ஹவாய் கிட்டார் வேறொன்றுமில்லை, நம் கோட்டு வாத்தியம்தான். கப்பலேறிப் போய் அங்கே பெயர் மாறிவிட்டது என்று. அனுப்பியவர் என் பள்ளித் தோழர், ஓய்வுபெற்ற ஆசிரியர். "பத்தி எழுதுகிறாயே, இதை எழுதேன்" என்று கட்டளை வேறு.

எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்டபடி அல்ல.

முதலில் எந்த ஓசையைச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டும். பழைய இந்திப் பாடல்களில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு விம்மிக்கொண்டே நழுவும் கம்பி ஓசையைக் கேட்டிருப்பீர்கள். அது நினைவில்லை என்றால் பரவாயில்லை. பக்ஸ் பன்னி முயல் வரும் லூனி டியூன்ஸ் கார்ட்டூன் தொடங்கும்போது 'பொய்ங்ங்' என்று ஓர் ஓசை மேலே வழுக்கிக்கொண்டு ஏறுமே, அது நிச்சயம் நினைவிருக்கும். அதுவும் இதே கருவிதான். வாசித்தவர் ஹவாயின் மௌயி தீவில் பிறந்த ஃப்ரெடி டவாரெஸ். பின்னாளில் ஃபெண்டர் நிறுவனத்தில் சேர்ந்து, 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை வடிவமைப்பதில் பங்கேற்றவரும் அவரே. உலகத்தில் பாதிப்பேர் சிறுவயதில் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டோம். பெயரைத்தான் கேட்டதில்லை.

இனி நண்பரின் செய்திக்கு வருவோம். அதில் ஒரு துளி ஆதாரம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கேப்ரியல் டேவியன் என்று ஒருவர். இந்தியாவில் பிறந்தவர், சிறுவனாக இருந்தபோது கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஹவாய் வந்து சேர்ந்தவர், 1880களில் ஹொனலுலுவில் கிட்டார் கம்பிமேல் ஒரு பொருளை நழுவவிட்டு வாசித்தார் என்பது ஹவாயில் வழங்கும் ஒரு செய்தி. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் கோட்டு வாத்தியம் இல்லை, தமிழும் இல்லை. அவற்றைச் சேர்த்தது நாம்தான்.

ஹவாய்க்காரர்களே பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் பெயர் ஜோசப் கெகூகு. 1874இல் ஓவாஹு தீவில், லாயியே என்ற சிற்றூரில் பிறந்தவர். கிட்டாரும் பையுமாகத் தண்டவாளத்தின் ஓரம் நடந்தபோது கிடந்த போல்ட் ஒன்றை எடுத்துக் கம்பியில் இழுத்துப் பார்த்தாராம் அந்தப் பையன். இப்படிப்பட்ட ஆரம்பக் கதைகளை நான் அரை மனதோடுதான் நம்புவேன். அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை முழுதாக நம்புகிறேன். கமேஹமேஹா ஆண்கள் பள்ளியின் பட்டறையில் தனக்கென்று ஓர் இரும்புத் துண்டைச் செய்துகொண்டார். நரம்புக்குப் பதில் உலோகக் கம்பி கட்டினார். இரும்பு பலகையில் இடிக்காமலிருக்கக் கம்பிகளை உயர்த்தினார். கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து வாசித்தார். கைவந்து சேர ஏழு ஆண்டுகள் ஆயின என்பார்கள். தண்டவாளத்தில் போல்ட் யாருக்கும் கிடைக்கும். அந்த ஏழு ஆண்டுகள்தான் கெகூகுவுடையவை.

அந்த ஆண்டுகளில் அவருடைய நாடே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 1893இல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, ஹொனலுலுவின் வெள்ளை வணிகர்கள் அரசி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1904இல் கெகூகு தீவைவிட்டுக் கிளம்பினார். தனியாக அல்ல, அந்தத் தலைமுறையின் நல்ல வாசிப்பாளர்கள் பலரும் அமெரிக்க நாடக மேடைகளையும் கண்காட்சிக் கூடாரங்களையும் தேடிப் போனார்கள். அங்கே சம்பளம் இருந்தது.

1912இல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'பறவைச் சொர்க்கம்' என்ற பொருள்படும் ஒரு நாடகம் ஹவாய் இசையோடு மேடையேறி ஊர் ஊராகச் சுற்றியது. 1915இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பனாமா கால்வாய்த் திறப்பைக் கொண்டாடும் கண்காட்சி. வருகைகள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். ஹவாய்க் கூடத்தில் இந்த இசை தினமும் ஒலித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஹவாய் இசைத்தட்டுகள் மற்ற எல்லா வகைகளையும் விற்பனையில் முந்திவிட்டன என்பார்கள். நியூயார்க் பாட்டுக் கம்பெனிகள் ஹவாயைக் கண்ணால் பார்க்காமலே ஹவாய்ப் பாட்டு எழுதித் தள்ளின. ஹவாய் மொழி என்று அவற்றில் வருவது பல நேரம் வெறும் 'ஹிக்கி டூலா'. பள்ளிக்கூடத்தில் அந்த மொழிக்கு இடமில்லை, மேடையில் அதன் போலிக்குக் கைதட்டல். எனக்கு அந்த இசைத்தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் இதுதான் உறுத்தும்.

ஆனாலும் வேஷம் கலைந்தபின் ஓசை தங்கிவிட்டது. அமெரிக்கக் கிராமிய இசை என்றதும் காதில் வரும் அந்த அழுகுரல் டென்னசி மலையில் பிறந்ததல்ல. அந்த இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1929இல் இசைத்தட்டுப் பதிவுக்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஜோ கைபோ என்ற ஹவாய்க்காரர். ஹாங்க் வில்லியம்ஸ் பாடல்களில் அவர் குரலுக்கு மேலே ஒரு கம்பி புலம்பிக்கொண்டே வரும். வாசித்த டான் ஹெல்ம்ஸ் ஹவாய்க்காரர் அல்லர், ஆனால் கையில் இருந்தது அவர்கள் கருவி. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1936இல் ஆண்டி அயோனாவின் ஹவாய்க் குழுவோடு பதிவு செய்திருக்கிறார். ஜாஸ் எக்காளமும் இந்த நழுவலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைத் தேடிக் கேளுங்கள்.

மின்கிட்டார் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. நடனக் கூடங்களின் இரைச்சலில் மடிக் கிட்டார் கேட்கவில்லை. அதற்காக ஜார்ஜ் பூஷாம் காந்தச் சுருள் வைத்து ஒன்றை உருவாக்க, ரிக்கன்பேக்கர் 1932இல் விற்பனைக்கு விட்டது. நீளக் கைப்பிடி, வட்ட உடம்பு. 'வாணலி' என்றே பெயராகிவிட்டது. நன்றாக விற்பனைக்கு வந்த முதல் மின்கிட்டார் ராக் இசைக்காகச் செய்ததல்ல, ஹவாய் இசைக்காகச் செய்தது.

சரி, இந்தியாவுக்கு? இங்கேதான் நண்பரின் செய்தி தலைகீழாகிறது. சமோவாவில் பிறந்து, சிறுவயதிலேயே கெகூகுவின் அதே லாயியே ஊருக்குக் குடிவந்தவர் டாவ் மோ. 1928இல் ஓர் இசைக்குழுவோடு கப்பலேறி ஆசியா முழுதும் சுற்றினார். 1940களில் மனைவி மக்களோடு சில ஆண்டுகள் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். அவரிடம் கற்ற கார்னி நைஸ் 'அலோஹா பாய்ஸ்' என்ற குழுவையே நடத்தினார். வங்காளிகள் ரவீந்திர சங்கீதத்தை அந்தக் கருவியில் வாசிக்கத் தொடங்கினார்கள். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்துக் காட்டினார். விஸ்வ மோகன் பட் கம்பிகளைக் கூட்டி 'மோகன வீணை' ஆக்கி, ரை கூடரோடு சேர்ந்து கிராமி விருதும் வாங்கினார். கப்பல் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது, இங்கிருந்து அங்கே போகவில்லை.

கோட்டு வாத்தியத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. திருவிடைமருதூர் சகாராம ராவ் மெட்டில்லாத வீணையில் கட்டையை நழுவவிட்டு வாசித்ததற்கு ஹவாயின் அத்தாட்சி எதற்கு? கம்பியில் வழவழப்பான பொருளை இழுத்தால் ஓசை நழுவும். இதை இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியே கண்டுகொள்ள முடியாதா?

கெகூகு ஐரோப்பாவில் எட்டு ஆண்டுகள் வாசித்துத் திரிந்து, அமெரிக்கா திரும்பி, 1932இல் நியூஜெர்சியில் இறந்தார். 1904க்குப் பிறகு அவர் தீவைப் பார்க்கவே இல்லை. டாவ் மோ கொடுத்துவைத்தவர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உலகம் சுற்றிவிட்டு மனைவியோடு லாயியே திரும்பி, முதிய வயதில் இளமைக்காலப் பாடல்களை மறுபடியும் பதிவு செய்தார்.

இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் போட்டேன். நண்பர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை, வணக்கப் பூவோடு பதில் வந்தது: "சரி, கருவி லாயியேக்காரனுடையது. ஆனால் காப்ரா வாசித்த கமகம் நம்முடையதுதானே?"

அதற்கு நான் மறுப்பு எழுதவில்லை.