கன்வெர்ட்டர் மேல் பழி போடாதீங்க

இங்கே அகமதாபாத்தில் பழைய சிஎன்ஜி பிக்கப் வைத்திருக்கும் நம்ம மக்களே, எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0420 என்று வந்தாலே, "கன்வெர்ட்டர் போச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். மாத்தினாலும் கொஞ்ச நாளில் அதே விளக்கு. எரியாமல் என்ன செய்யும்? கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் அந்த எண் சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ சரியில்லை என்றால், எரியாத எரிபொருள் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் செராமிக் தேன்கூட்டையே உருக்கிவிடும். எஞ்சின் ஆயில் குடித்தாலும் கன்வெர்ட்டர் காலிதான். எங்க வங்கி பாஷையில், பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கொடுக்கிற கதை! (அதற்கு ஆடிட்டராவது வருவார்.)

முதலில் பிளக், காயில், சைலன்ஸர் குழாயில் கசிவு, பின்பக்க ஆக்சிஜன் சென்சார் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் மாத்தித்தான் ஆகணும் என்றால், கழற்றிய பழசைக் கேட்டு வாங்குங்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, சும்மா விட்டுவிட்டு வராதீர்கள்.