பெல்ட் மாத்தியும் சத்தம் போகலையா? கிராங்க் புல்லியைப் பாருங்க!

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று ஒரு சத்தம். ஏ.சி போட்டால் இன்னும் கூடும். மெக்கானிக்கிடம் விட்டால் முதலில் மாறுவது பெல்ட். பத்து நாளில் சத்தம் திரும்பி வரும். அடுத்து டென்ஷனர், அதற்கும் அடுத்து ஆல்டர்னேட்டர் பேரிங். பில் ஏறிக்கொண்டே போகும். சத்தம் மட்டும் போகாது. இப்படி அலையும் கார்கள் சிலவற்றில் உண்மையான குற்றவாளி, அந்த பெல்ட்டையே ஓட்டுகிற கிராங்க் புல்லிதான். ஹார்மோனிக் பேலன்ஸர், டேம்பர் புல்லி என்றெல்லாம் சொல்வதும் இதைத்தான்.

பார்க்க ஒரே இரும்புச் சக்கரம்போல இருக்கும். ஆனால், பல கார்களில் அது மூன்று பாகம். நடுவில் கிராங்க் ஷாஃப்டோடு சேரும் ஹப். வெளியே பெல்ட் ஓடும் கனமான வளையம். இரண்டுக்கும் இடையில் ஒரு ரப்பர் வளையம்.

ரப்பருக்கு அங்கே என்ன வேலை? நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, உள்ளே நொடிக்கு 100 முறை எரிபொருள் எரிந்து வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் ஷாஃப்டை ஈரத்துணியைப் பிழிவதுபோல லேசாக முறுக்கிவிடும். சில வேகங்களில் இந்த முறுக்கு ஒன்றோடு ஒன்று சேர்ந்து வளரும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள உயரம் கூடுவதுபோல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் நீளமான கிராங்க் ஷாஃப்ட்கள் உடைந்துபோனதற்கு இதுவே காரணம். இந்த அதிர்வை அடக்க டேம்பர் செய்த முன்னோடிகளில் ஒருவர், பிரிட்டிஷ் இன்ஜினீயர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர். இன்றைய புல்லியில் கனமான வளையமும் ரப்பரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன.

ரப்பர் என்றால் ஒருநாள் கெட்டுத்தான் போகும். இன்ஜின் சூட்டில் இறுகி வெடிக்கும். ஆயில் பட்டால் ஊறி இளகும். பிடிமானம் விட்டதும் வெளி வளையம் தள்ளாடும், வழுக்கும். அப்போது என்னென்ன தெரியும்?

* பெல்ட் கீச்சிடும். அதன் ஓரம் நார் நாராகப் பிரியும்.
* ஐட்லிங்கில் 'கடகட'வென்று தட்டும் சத்தம். இது இன்ஜின் பேரிங் போனதுபோலவே கேட்பதால், இன்ஜினையே பிரிக்க நாள் குறித்துவிடுவார்கள்.
* இன்ஜின் அதிர்வு கூடும்.
* சார்ஜ் ஏறாமல் பேட்டரி விளக்கு எரியும்.

சாக்பீஸ் போதும்!

இன்ஜின் ஆறிய பிறகு, டார்ச் அடித்துப் புல்லியின் முகத்தைப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, பிதுங்கி நிற்கிறதா, துண்டு பெயர்ந்திருக்கிறதா? பிறகு ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை நேராக ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். வெள்ளை பெயின்ட் என்றால் அழியாது. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கோடு ஒரே நேராக இல்லாமல் உடைந்து விலகி நின்றால், வளையம் வழுக்கிவிட்டது. புல்லியை மாற்றியே ஆக வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது ஓர் ஆள் தள்ளி நின்று பாருங்கள். புல்லி நேராகச் சுற்றுகிறதா, ஆடுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். கை, துப்பட்டா, பின்னல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஆட்டம் தெரிந்தால் நடு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டது ரப்பராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மாற்றும்போது...

முன்சக்கர டிரைவ் கார்களில் பெரும்பாலும் ஒரு முன்சக்கரத்தைக் கழற்றினால் புல்லி தெரியும். பேட்டரி வயரைக் கழற்றி, காரை ஜாக்கியோடு விடாமல் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும். புல்லி இறுகியிருந்தால் அதற்கான புல்லரை ஹப்பில் மாட்டி இழுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினாலோ, வெளி வளையத்தைப் பிடித்து நெம்பினாலோ கிராங்க் ஷாஃப்ட் வரை சேதம் போகும்.

சில இன்ஜின்களில் டைமிங் பல்சக்கரத்தையும் அந்த ஒரே போல்ட்தான் இறுக்கிப் பிடித்திருக்கும். லாக் டூல் போடாமல் கழற்றினால் டைமிங் மாறி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம். அதனால் இது அந்த மாடலில் பழகிய மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். "அண்ணே, பின்னாடி இருக்கிற ஆயில் சீல் கசியுதா?" கசிந்தால் அதையும் சேர்த்து மாற்றாவிட்டால், புது ரப்பரும் ஆயிலில் ஊறும். "போல்ட் புதுசு போடணுமா?" பல கம்பெனிகள் பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது என்கின்றன. "டார்க் ரென்ச் வெச்சுதானே டைட் பண்றீங்க?" சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். குறைந்தால் புல்லி தளர்ந்து கிராங்க் ஷாஃப்டின் முனையைத் தின்றுவிடும். கூடினால் போல்ட்டே அறுந்துபோகலாம்.

பாகமும் உங்கள் இன்ஜினுக்கே உரியதாக இருக்கட்டும். அளவு ஒன்றாக இருந்தாலும் எடையும் ரப்பரும் வேறாக இருந்தால் அதிர்வு அடங்காது.

புல்லி ஆடுவது தெரிந்த பிறகு, 'ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்' என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நடுவழியில் பெல்ட் கழன்றால் சார்ஜ் நிற்கும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடும் கார் என்றால், சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்துவிடும். ஸ்டீயரிங்கும் அந்த பெல்ட்டை நம்பியிருந்தால் வளைவில் கை கனக்கும். குடும்பத்தோடு ராத்திரியில் பைபாஸில் நிற்பதைவிட, ஒருநாள் காரை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போவது மேல்.