கூத்தாடி கிழக்கே பார்ப்பாள்

போன ஆண்டு ஒரு மாலை, என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நாடகத்தில் முதுகலை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. "அம்மா, ஒரு நன்னடத்தைக் கடிதம் வேணும்" என்றாள். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறாள் போலிருக்கிறது என்று மகிழ்ந்தேன். இல்லை. ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். நேர்காணலில் "நாடகம் படிச்ச பொண்ணா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கல்லூரிப் பேராசிரியர் யாரிடமாவது கடிதம் வாங்கி வரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்தேன். "நான் அறிந்தவரை இவர் நல்லொழுக்கம் உடையவர்." இத்தனை வருடம் கவிதை எழுதியிருக்கிறேன், அந்த வரியைப் போல எதுவும் என்னைக் கூச வைத்ததில்லை. பி.காம். படித்த பெண்ணிடம் யாரும் இந்தக் கடிதத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. இளங்கலைத் தமிழ் வகுப்பில் 'மனோன்மணீயம்' நடத்தியபோது, ஒரு காட்சியை எழுந்து வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டிக் கடைசி பெஞ்சுவரை அந்தக் குரல் போயிற்று. அன்றிலிருந்து "நீ நாடகம் படி" என்று அவளை அரித்துக்கொண்டே இருந்தேன். அவளுடைய அப்பா கொத்தனார். அம்மா ஒரு நாள் கல்லூரிக்கே வந்து, "இதைப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?" என்று கேட்டார். நான் கலையின் மேன்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே அப்படிப் பேச வரும்.

அந்தப் பதிலை அவள்தான் மூன்று ஆண்டுகளாகத் தேடினாள். முதலில் பள்ளிகள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளியும் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகிறது. 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. அந்தப் பாட்டு எதிலிருந்து வந்தது? 1891இல் சுந்தரம் பிள்ளை எழுதிய அதே 'மனோன்மணீயம்' நாடகத்திலிருந்து. தினமும் ஒரு நாடகத்தின் பாயிரத்தைப் பாடுகிற பள்ளியில் நாடக ஆசிரியர் என்று ஒரு பணியிடம் கிடையாது. ஓவியத்துக்கு உண்டு, உடற்கல்விக்கு உண்டு, இசைக்கும் தையலுக்கும்கூட உண்டு. முத்தமிழில் மூன்றாவது தமிழ் மேடைப்பேச்சில் மட்டும் வாழ்கிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம். அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய நாடகம் படித்தவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் இன்னும் யாருக்கும் வரவில்லை.

தனியார் பள்ளி ஒன்றில் ஆண்டு விழாவுக்காக அழைத்தார்கள். நாற்பது நாள் ஒத்திகை, கடைசியில் ஒரு கவர். அதே விழாவுக்கு வந்த டான்ஸ் மாஸ்டருக்கு இரண்டு மடங்கு. கேட்டதற்கு, "அவர் குடும்பஸ்தர்ம்மா" என்றாராம் தாளாளர். கொத்தனார் வீட்டின் மூத்த மகள் குடும்பஸ்தி கணக்கில் வரமாட்டாள் போல.

பிறகு சின்னத்திரை. புகைப்படம், உயரம், எடை, இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற விவரம். என்ன படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. "கொஞ்சம் கலர் கம்மி. வேலைக்காரி ரோல் வந்தா சொல்றோம்" என்றார் ஒரு ஒருங்கிணைப்பாளர். இன்னொருவர் இரவு பதினொரு மணிக்கு, "அட்ஜஸ்ட் பண்ணிப்பீங்களா?" என்று செய்தி அனுப்பினார். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாத பெண் தமிழ்நாட்டில் இருக்கிறாளா? முன்னவர் இவள் முகத்தை மறுத்தார், பின்னவர் உடம்பைக் கேட்டார். இவள் கற்ற தொழிலைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

கடைசியில் அந்தத் தொழிலில் ஒரு துண்டு விலைபோயிற்று: குரல். சீரியல் நாயகிகளில் பலர் வேறு மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். கேமராவுக்கு அப்பால் ஒருவர் வசனத்தைச் சொல்லச் சொல்ல, இவர்கள் வாயசைக்கிறார்கள். அப்புறம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறொரு பெண் அந்த அழுகையை அழுகிறாள், அந்தக் கோபத்தைப் படுகிறாள். என் மாணவி அங்கே கூட்டக் குரலில் தொடங்கினாள். கல்யாண வீட்டுக் கூட்டம், சாவு வீட்டுக் கூட்டம், பஸ் ஸ்டாண்டுக் கூட்டம். நாயகிக்குப் பேச வேண்டுமென்றால் சங்க அட்டை வேண்டும். அட்டைக்குப் பணம் வேண்டும். அங்கேயும் வாய் திறப்பதற்கு எல்லை உண்டு. 2018இல் மீ டூ குற்றச்சாட்டைப் பொதுவில் சொன்ன பாடகி சின்மயி, அந்த ஆண்டே டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்றது சங்கம். அவர் அதை ஏற்கவில்லை. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த புதுப் பெண்களுக்கு என்ன பாடம் கிடைத்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் "வெளி மாநிலத்துக்காரிகள் நம் வேலையைப் பறிக்கிறார்கள்" என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. மொழி தெரியாத ஊரில், பக்கத்தில் ஒருவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு நிற்கும் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் கூலிக்காரிதான். ஒருத்தியிடம் முகத்தையும் இன்னொருத்தியிடம் குரலையும் வெட்டியெடுத்து ஒட்டி, இரவு எட்டு மணிக்கு நமக்கு ஒரு 'குடும்பப் பெண்' தயாரித்துத் தரப்படுகிறாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்த முகம் வெளுப்பாக இருக்க வேண்டும், குரல் சுத்தத் தமிழாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே உடம்பில், அதுவும் கறுத்த உடம்பில் இருந்தால் அதற்கு இடமில்லை.

எங்கிருந்து வந்தது இந்தத் துண்டாடல்? கொஞ்சம் பின்னால் போவோம். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு நாடகக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகத்துக்குச் சிறப்பு ரயிலே விட்டார்கள் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடைசியில் வறுமையில் செத்தார் என்றும் அவர்களே சொல்கிறார்கள். மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891இல், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாலை நேரத்தில் வந்து நடித்தார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். நாடகத்துக்குக் கௌரவம் வந்தது இப்படித்தான்: நடிப்பை நம்பிச் சாப்பிட வேண்டியிராதவர்கள் நடித்தபோது. சங்கரதாஸ் சுவாமிகளே பாலர்களைக் கொண்டுதான் சபை நடத்தினார். பிழைப்புக்கு நடித்த பெண்களின் தலையில் 'ஒழுக்கம்' என்ற கேள்வி ஏறி உட்கார்ந்தது. மதுரைப் பக்கம் இன்றும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' ஆடும் ஸ்பெஷல் நாடகப் பெண்கள் அந்தச் சுமையோடுதான் கோயில் மேடை ஏறுகிறார்கள். ஜவுளிக்கடைக்காரர் கேட்ட கடிதத்துக்கு நூற்று முப்பது வயது.

சபாக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் நான் நேர்மையற்றவள். நவீன நாடகம் என்று நாம் கொண்டாடும் இடத்திலும் இதே மனோபாவம் வேறு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது. காசு கேட்கும் நடிகை 'கமர்ஷியல்' ஆகிவிடுகிறாள். இயக்குநருக்கு அரசு உதவித்தொகை, எழுத்தாளருக்கு விருது, நடித்த பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமும் பொட்டலச் சோறும். எங்கள் கல்லூரிகளில் என்ன செய்கிறோம்? மகளிர் தினத்துக்கு ஒரு நாடகக் குழுவைக் கூப்பிடுவோம், பெண்ணுழைப்பின் சுரண்டல் பற்றிய நாடகம் போடச் சொல்வோம், முடிந்ததும் பொன்னாடை போர்த்தி அனுப்புவோம். நானே போர்த்தியிருக்கிறேன். பொன்னாடையை மளிகைக் கடையில் வாங்கிக்கொள்வார்களா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இந்த மேட்டிமைக்கு இன்னொரு முகமும் உண்டு. அது வெகுஜனக் கேளிக்கையைப் பற்றிய முகச்சுளிப்பு. "சீரியலா? நான் பார்ப்பதே இல்லை" என்பது படித்த வீடுகளில் ஒரு பட்டம். ஐ.பி.எல். பார்க்க இரண்டு மாதம் மாலைகளைத் தொலைக்கும் ஆணிடம் யாரும் ரசனைக் கணக்குக் கேட்பதில்லை. நாள் முழுக்க நின்ற கால்களை அரை மணி நேரம் நீட்டி உட்காரும் பெண்ணிடம் மட்டும் கேட்கிறோம். 2022 முதல் 2024 வரை ஓடிய 'எதிர்நீச்சல்' தொடரை என் அம்மா ஒரு நாள் விடாமல் பார்த்தார். படித்த பெண்கள் ஒரு வீட்டுக்கு மருமகள்களாக வந்து ஒடுக்கப்படும் கதை. அம்மா திரையோடு சண்டை போடுவார், மருமகள்களுக்கு யோசனை சொல்வார், என் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார். அந்த அரை மணி நேரத்தில் அவர் செய்ததும் விமர்சனம்தான்.

ஆனால் அதே தொடரில் வீட்டை அடக்கி ஆண்ட ஆதி குணசேகரனின் அதட்டல்தான் ஊரெங்கும் மீம் ஆனது. மாரிமுத்து தேர்ந்த நடிகர், மறுப்பில்லை. ஒடுக்குகிறவனின் வசனம் கொண்டாட்டமாகிறது. ஒடுக்கப்பட்டவர்களின் அழுகை பின்னணி இசையாகிறது. இதை நான் கண்டிக்கிறேன். தொடரை விழுந்து விழுந்து பார்த்த பெண்களோடு உட்கார்ந்து கண்டிக்கிறேன், மேலே நின்று கண்டிக்கவில்லை.

நம் பெண்ணிய விமர்சனம் இவ்வளவு காலம் திரையில் தெரிகிற பெண்ணைப் பற்றியே பேசியிருக்கிறது. கண்ணீர், தாலி, மாமியார், கவர்ச்சி. பேச வேண்டியதுதான். அந்தப் பெண்ணாக நடிப்பவள் எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்குப் போனாள், புடவை யாருடையது, கழிப்பறை எங்கே, சம்பளம் என்றைக்கு? இவற்றை நாம் கேட்டோமா? கேரளத்தில் 2017இல் அமைக்கப்பட்ட ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாலியல் தொல்லைகளோடு, படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உடைமாற்ற இடமில்லை என்பதையும் அது பதிவுசெய்தது. அந்தக் குழுவை அமைக்க வைத்தது பெண் கலைஞர்களே ஒன்றுகூடிக் கேட்ட கேள்வி. நாம் இங்கே இன்னும் நாயகியின் ஜாக்கெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது பழமொழி. ஒருவருக்குப் பொழுது விடிந்தால் வேலை முடியும், மற்றவருக்குப் பொழுது சாய்ந்தால் முடியும். கூத்தாடியை வசைச் சொல்லாக்கிய சமூகத்திலேயே, அவரைக் கூலிக்காரனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். அவரிடமிருந்து நாம் தொடங்கலாம்.

கேட்க வேண்டியவை சிக்கலானவை இல்லை. பள்ளிகளில் நாடக ஆசிரியர் பணியிடம் வேண்டும், காலமுறை ஊதியத்தில். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமெல்லாம் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். படப்பிடிப்புத் தளமும் வேலையிடமே, நடிகர் தேர்வு நடக்கும் அறையும் வேலையிடமே. வாய்மொழி ஒப்பந்தம் ஒழிய வேண்டும். முகத்தின் பெயர் போடும் திரையில் குரலின் பெயரும் வர வேண்டும். நம் நாடகக் குழுக்களும் இலக்கிய விழாக்களும் கல்லூரிகளும் நடிகையின் ஊதியத்தை அழைப்பு விடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பார்கள். என் மாணவி இப்போது நிற்கிற ஜவுளிக்கடையையே பாருங்கள். கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்ய வேண்டும் என்பது நேற்றுவரை எழுதாத விதி. 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி, உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றது. எல்லாக் கடையிலும் நாற்காலி வந்துவிடவில்லை. அவள் கடையில் ஒரே ஒரு ஸ்டூல், ஆறு பேர். இருந்தாலும் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. நிற்பதும் உழைப்பு என்று ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் அது வந்தது.

கடைக்கு ஒரு நாள் போயிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவருக்குச் சேலையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா வாங்காமல் போனார். மடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்து, "ஞாயித்துக்கிழமை டப்பிங் இருக்கும்மா. இந்தத் தடவை நாலு சீன் தனியா பேசறேன்" என்றாள். மேலாளர் எட்டிப் பார்த்ததும் நகர்ந்துவிட்டாள்.

இன்னொரு முறை அவள் கடிதம் கேட்டால் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். "இவர் பயிற்சி பெற்ற நடிகை. இவருக்கான கூலியை எழுத்தில் கொடுங்கள்" என்று எழுதுவேன். இதை வாசிக்கும் ஆசிரியைகளும் அப்படியே எழுதுங்கள்.